கோடு போடுகிறவர்களின் வருஷக் கணக்கு

வருஷம் முடிந்தால் வியாபாரி பேரேட்டைப் புரட்டுகிறான். வரவென்ன, செலவென்ன, வராக்கடன் என்ன என்று கூட்டிக் கழித்துப் பார்க்கிறான். குடியானவன் களத்து மேட்டில் நின்று, கண்ட நெல் எத்தனை மூட்டை, குத்தகைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் போனது எத்தனை மூட்டை, வீடு வந்து சேர்ந்தது எத்தனை மூட்டை என்று கணக்குப் பார்க்கிறான். இதே மாதிரி, எந்தப் பத்திரிகை முதலாளியிடத்திலும் மாதச் சம்பளம் வாங்காமல், தன் கையையும் தன் புத்தியையும் மாத்திரம் நம்பிக் கருத்துப்படம் போடுகிறவர்களும் வருஷக் கடைசியில் கணக்குப் பார்க்கிறார்கள். இத்தனை படம் போட்டேன், இன்ன புத்தகம் முடிந்தது, இன்னது பாதியில் நிற்கிறது, அடுத்த வருஷம் இன்னது செய்ய உத்தேசம் என்று பொது ஜனங்களுக்குத் தெரியும்படி சொல்லுகிறார்கள்.

இது மிகவும் நல்ல வழக்கம் என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், நம் நாட்டில் கலையை ஓர் உழைப்பாகக் கருதுகிற புத்தி இன்னும் சரியாக வரவில்லை. ஒருவன் நன்றாகப் பாடினால் அது பூர்வ ஜன்ம புண்ணியம். நன்றாக எழுதினால் சரஸ்வதி அவன் நாக்கிலே எழுதினாள். நன்றாகச் சித்திரம் போட்டால் அது தெய்வ கடாட்சம். காதுக்கு இது பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பெருமைக்குள்ளே ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. கடாட்சத்துக்கு யாராவது கூலி கொடுப்பார்களா? தச்சன் மேஜை செய்தால் கூலி உண்டு. கொத்தன் சுவர் எழுப்பினால் கூலி உண்டு. சித்திரக்காரனிடம் போனால் மாத்திரம், “உங்களுக்குத்தான் கைவந்த கலையாயிற்றே, ஐந்து நிமிஷ வேலைதானே, நம் மாநாட்டுக்கு ஒரு படம் போட்டுக் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அந்த ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவன் செய்த வேலை என்ன என்று நாம் கேட்பதில்லை. காலையில் நாலு பத்திரிகை வாசிக்க வேண்டும். வாசித்த பத்துச் சங்கதியில் எது முக்கியம் என்று தெரிந்தெடுக்க வேண்டும். அதில் யார் பொய் சொல்லுகிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததை எழுத்துத் தெரியாதவனும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளும்படி ஒரு கட்டத்துக்குள் அடக்க வேண்டும். இத்தனையும் ஆன பிறகுதான் பேனா காகிதத்தைத் தொடுகிறது. ஆகவே, சித்திரக்காரன் தன் வருஷக் கணக்கைக் காட்டுகிறபோது, “இது கடாட்சமில்லை, வேலை” என்று நமக்கு ஞாபகப்படுத்துகிறான். அந்த ஒரு காரியத்துக்காகவே அவனைப் பாராட்டலாம்.

படம் ஏன் ஆள்பவர்களை உறுத்துகிறது?

இந்த வேலையை ஆள்பவர்கள் எவ்வளவு பெரிதாக மதித்திருக்கிறார்கள் என்பதற்கு நமது ஜில்லாவிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம்.

1906-ல் சென்னையில் தொடங்கிய “இந்தியா” என்னும் வாரப் பத்திரிகையில் சுப்பிரமணிய பாரதியார் அரசியல் கருத்துப்படங்களை முறையாக வெளியிட்டு வந்தார். தமிழில் இந்தத் துறைக்கு முன்னோடி என்று அதைத்தான் சொல்ல வேண்டும். 1908-ல் சர்க்கார் அப்பத்திரிகையின் மேல் பாய்ந்தது. ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார். பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போனார். பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் அது வரக்கூடாதென்று தடுத்த பிறகு 1910-ல் நின்று போயிற்று. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். அந்தத் தூரத்தைக் கடந்து வருவதற்கு அந்த மனுஷருக்குப் பத்து வருஷம் பிடித்தது. 1918 நவம்பர் 20-ந் தேதி எல்லையைத் தாண்டியதும் கைது செய்யப்பட்டு, டிசம்பர் 14-ந் தேதி வரையில் கடலூர்ச் சிறையில் கிடந்தார்.

பாரதியார் பெயரை இன்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். அவர் பத்திரிகையின் படங்களை வரைந்த கைக்கு யார் சொந்தக்காரர் என்று கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்லுவோம்? அந்தப் படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து 1994-ல் புத்தகமாக்கினார். அது வருகிற வரையில், அப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது என்பதே நம்மில் அநேகருக்குத் தெரியாது. கணக்கு எழுதி வைக்காவிட்டால் உழைப்பு காணாமற் போகும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

படத்தைக் கண்டு பயப்படுவது நம் நாட்டுச் சர்க்காரின் குணம் மாத்திரமல்ல. பிரான்சில் தோமியே என்னும் சித்திரக்காரர், ஏழைகளின் பணத்தையெல்லாம் விழுங்குகிற பெருவயிற்றுப் பூதமாக அரசனைப் போட்டதற்காக 1832-ல் ஆறு மாதச் சிறைத் தண்டனை அடைந்தார். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் பொதுப் பணத்தைக் கொள்ளையிட்ட ட்வீட் என்கிற அரசியல்வாதியை, 1871-ல் தாமஸ் நாஸ்ட் என்பவர் வாராவாரம் படமாகப் போட்டு அம்பலப்படுத்தினார். ட்வீட் சிறையிலிருந்து தப்பி ஸ்பெயினுக்கு ஓடியபோது, 1876-ல் அங்கே அவரை அடையாளம் கண்டு பிடிக்க உதவியதும் நாஸ்ட் போட்ட படமேயாகும். எழுத்தை மறுக்கலாம், திரிக்கலாம், “நான் சொன்ன அர்த்தம் வேறு” என்று சமாதானம் சொல்லலாம். மூஞ்சியை மறுப்பதெப்படி?

தனி ஆளும் ஸ்தாபனமும்

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1987 மார்ச்சில் ஆனந்த விகடன் அட்டையில் சட்டசபை உறுப்பினர்களையும் மந்திரிகளையும் கேலி செய்து ஒரு படம் வந்தது. சட்டசபை அதை உரிமை மீறல் என்று சொல்லி, மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் கிளம்பிய கண்டனத்தால் இரண்டே நாளில் அவரை விட நேர்ந்தது. பின்னால் அவர் வழக்காடி, 1994-ல் ஹைகோர்ட்டில் ஆயிரம் ரூபாய் நஷ்டஈடும் பெற்றார்.

2025 பிப்ரவரியில் அதே ஸ்தாபனத்துக்கு மறுபடியும் வந்தது. அமெரிக்கா இந்தியர்களுக்கு விலங்கு பூட்டி ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பிய சமயம் அது. பிரதம மந்திரி விலங்குடன் அமெரிக்க ஜனாதிபதியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக ஒரு கருத்துப்படம் வந்தது. சில நாளைக்குள் விகடனின் இணையதளம் முழுவதும் முடக்கப்பட்டது. ஒரு படத்துக்காக நூற்றுக்கணக்கான செய்திகளும் கட்டுரைகளும் அடைபட்டன. வீட்டில் ஒரு படம் பிடிக்கவில்லை என்று வீட்டையே பூட்டி முத்திரை வைப்பது போன்றது இது. ஸ்தாபனம் கோர்ட்டுக்குப் போயிற்று. மார்ச் 6-ந் தேதி சென்னை ஹைகோர்ட், அந்தப் படத்தை மாத்திரம் தற்காலிகமாக எடுத்துவிடும்படியும், தளத்தைத் திறந்துவிடும்படியும் உத்தரவிட்டது.

இந்த இரண்டு சந்தர்ப்பங்களிலும் தாக்கப்பட்டவருக்குப் பின்னால் ஓர் ஆபீஸ் இருந்தது. வக்கீல் இருந்தார், பணம் இருந்தது, பழைய பெயர் இருந்தது. தனி ஆளாக வரைகிறவனுக்கு என்ன இருக்கிறது?

2017 அக்டோபர் 23-ந் தேதி திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி மனைவி மக்களோடு தீக்குளித்துச் செத்தார். கேட்ட நெஞ்சம் பதறிற்று. தனியாகக் கருத்துப்படம் போட்டு வரும் பாலா, குழந்தை எரிந்துகொண்டிருக்க, அதிகாரத்தில் இருப்பவர்கள் துணியில்லாமல் நோட்டுக் கட்டால் மானத்தை மறைத்துக்கொண்டு நிற்பதாக ஒரு படம் போட்டார். நவம்பர் 5-ந் தேதி போலீசார் சென்னையில் அவர் வீட்டுக்கே வந்து கைது செய்து திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. படம் ஆபாசம் என்றார்கள். அந்தக் குடும்பம் பல தடவை மனுக் கொடுத்தும் பலனில்லாமல் வெந்து செத்ததைவிட அந்தப் படமா ஆபாசம் என்று நாடு திருப்பிக் கேட்டது.

சென்ற 2025-லேயே இன்னொன்று நடந்தது. இந்தூரைச் சேர்ந்த ஹேமந்த் மாளவியா என்பவர் 2021-ல் போட்ட ஒரு படத்தை, 2025-ல் வேறொருவர் தம் சொந்த வாசகத்தோடு எடுத்துப் பரப்பினார். அதன் பேரில் சித்திரக்காரர் மேல் வழக்கு வந்தது. ஹைகோர்ட் முன்ஜாமீன் மறுத்தது. ஜூலை 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில்தான் அவருக்குத் தற்காலிகப் பாதுகாப்புக் கிடைத்தது. டில்லி வரையில் ஏறி இறங்குவதற்கு ஒரு தனி ஆளுக்கு ஆகிற செலவை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும். நமக்குப் பக்கத்தில் இலங்கையிலோ, பிரகீத் எக்னெலிகொட என்னும் பத்திரிகையாளரும் கருத்துப்படக்காரருமானவர் 2010 ஜனவரி 24-ந் தேதி காணாமற் போனார். அவருக்காக அவர் மனைவி வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கும் தெருவுக்கும் அலைந்தார்.

போடாத படங்களின் கணக்கு

இவ்வளவும் எதற்காகச் சொல்லுகிறோம்? சர்க்கார் எல்லாச் சித்திரக்காரரையும் பிடித்து அடைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒருவனைப் பிடித்தால் நூறு பேர் தாங்களே காகிதத்தை மடித்து வைத்துவிடுவார்கள். ஆகையால் வருஷக் கணக்கில், “இந்த வருஷம் இருநூறு படம் போட்டேன்” என்று எழுதினால் போதாது. “பயந்து போடாமல் விட்டது எத்தனை? காசு கொடுப்பவர் முகம் சுளிப்பாரென்று விட்டது எத்தனை? என் ஜாதிக்காரன் கோபித்துக்கொள்ளுவான் என்று விட்டது எத்தனை?” என்றும் ஒரு பத்தி இருக்க வேண்டும். வராக்கடனை எழுதாத பேரேடு எப்படிப் பொய்க் கணக்கோ, அப்படியே போடாத படத்தை எழுதாத கணக்கும் பொய்க் கணக்குத்தான்.

நமது ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுவோம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015-லும் 2024 டிசம்பரிலும் வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. கடலூர் சிப்காட்டின் ரசாயன நாற்றத்தைச் சுற்றுப்புற ஊரார் வருஷக்கணக்காகச் சுவாசித்து வருகிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில், வாய்க்கால் வெட்டுவதற்காக, நின்ற நெற்பயிரின் மேல் நெய்வேலி நிலக்கரிக் கம்பெனியின் யந்திரங்கள் ஏறின. சிதம்பரத்தில், கனகசபை மேடையில் எல்லோரும் ஏறி நின்று கும்பிடலாம் என்று 2022-ல் சர்க்கார் உத்தரவு போட்டும், 2023 ஜூனில் அது மறுபடி தகராறாயிற்று. அங்கே ஏறி நிற்பதால் யாருக்கும் மோட்சம் கிடைக்கும் என்று நாம் நம்பவில்லை. ஆனாலும் பொது இடத்தில் ஒருவன் ஏறலாம், இன்னொருவன் கூடாது என்றால் அது மனுஷ மரியாதையைப் பற்றிய சங்கதி அல்லவா?

சென்னையில் உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு இவையெல்லாம் ஒரு நாள் சங்கதி. மறுநாள் கோட்டைக்குத் திரும்பிவிடுவார்கள். மந்திரி மூக்கையும் எதிர்க்கட்சிக்காரர் மீசையும் போடுவதே வேலை. நம் தாலுகா ஆபீசும், நம் பஞ்சாயத்தும், நம் தெருக்கோடிக் குழாயும் யாருடைய படத்திலும் வருவதில்லை.

ஒரு படம் நம் ஊரில் என்ன செய்யும் என்பதை 2020-ல் கண்ணாரக் கண்டோம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் புவனகிரி அருகே தெற்குத்திட்டை ஊராட்சி இருக்கிறது. ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண்மணி. ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் உட்கார, தலைவரைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டம் நடந்தது ஜூலை மாதத்தில். அக்டோபர் வரையில் ஒருவரும் கவனிக்கவில்லை. தரையையும் நாற்காலிகளையும் ஒன்றாகக் காட்டிய ஒரே ஒரு போட்டோ வெளியே வந்தது. அன்றைக்கே கலெக்டர் வந்தார், போலீஸ் வந்தது, வழக்கு வந்தது, ஊராட்சிச் செயலாளர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். தீண்டாமை ஒழிந்துவிட்டது என்று ஆயிரம் மேடையில் பேசிய பேச்சை அந்த ஒரு படம் பொய்யாக்கிவிட்டது. யந்திரம் எடுத்த அந்தப் படம், ஒரு சித்திரக்காரன் யோசித்துப் போட வேண்டிய கருத்துப்படமேயாகும். நமக்கு உள்ளூரில் கண்ணுள்ள ஒரு சித்திரக்காரன் இருந்திருந்தால் அது மூன்று மாதம் காத்திருக்குமா?

ஒரு முதலாளியா, ஐந்நூறு முதலாளியா?

“நல்லது, அப்படிப்பட்டவன் எப்படிச் சாப்பிடுவான்?” என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்கினால், அந்த முதலாளியின் விளம்பரக்காரனையும் கட்சிக்காரனையும் தொட முடியாது. யாரிடமும் வாங்காவிட்டால் பட்டினி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அநேகம் பேர் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுப்பதுதான் அது. ஒருவர் கொடுத்த பத்தாயிரம் ரூபாய் வாயை அடைக்கும். ஐந்நூறு பேர் ஆளுக்கு இருபது ரூபாய் கொடுத்தாலும் அதே பத்தாயிரம்தான். ஆனால் அதில் யாரும் தனியாகக் கட்டளையிட முடியாது. ஒருவர் கோபித்துக்கொண்டு விலகினால் இருபது ரூபாய் குறையும், அவ்வளவுதான். மாதம் இருபது ரூபாய் என்பது கடலூர்க் கடையில் இரண்டு டீக்குக் கூடக் காணாத தொகை. கோயில் உண்டியலில் போடுகிறவர் அதைவிட அதிகம் போடுகிறார். உண்டியல் இதுவரையில் எந்த அதிகாரியையும் கேள்வி கேட்டதில்லை.

சட்டத்தில் உள்ளதையும் தெரிந்துகொள்ளுவது நலம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவன் தானாக வரைந்த படத்துக்கு அவனே சொந்தக்காரன். அவன் ஆயுள் முழுவதும், அவனுக்குப் பின் 60 வருஷமும் அந்த உரிமை நிற்கும். உரிமையை விற்றுவிட்டாலுங்கூட, “இது நான் போட்டது” என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயருக்குக் கெடுதல் வரும்படி படத்தைச் சிதைத்தால் ஆட்சேபிக்கவும் அதே சட்டத்தின் 57-வது பிரிவு இடம் கொடுக்கிறது. நாமோ, படத்தின் மூலையில் உள்ள கையெழுத்தை வெட்டிவிட்டு, நம் கட்சிக் கொடியையும் நம் தலைவர் முகத்தையும் ஒட்டி, செல்போனில் ஆயிரம் பேருக்கு அனுப்புகிறோம். அடுத்தவன் வயலில் கதிர் அறுத்து வந்து நம் வீட்டுத் தானம் என்று கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வரைகிறவர்களுக்கும் சில கேள்விகள்

இனி, சித்திரக்காரர்களையும் நாம் சும்மா விடுவதாயில்லை. ஒரு தலைவர் இறந்து போனால், மறுநாள் மேகத்தின் மேல் தேவர்கள் மாலையோடு வரவேற்பதாகப் படம். ஊழல்காரனைக் கண்டிக்க வேண்டுமானால் எமதர்மனும் சித்திரகுப்தனும் எண்ணெய்க் கொப்பரையும். மேல் லோகம் உண்டென்று நம்பாதவர்கள் கூட இதையே போடுகிறார்கள். கேட்டால் “வேடிக்கைக்காக” என்கிறார்கள். திருடனுக்குத் தண்டனை செத்த பிறகு எமலோகத்தில் என்று படம் போட்டால், பார்க்கிறவன் இங்கே கோர்ட்டையும் கணக்குத் தணிக்கையையும் ஏன் கேட்கப் போகிறான்? மேலே பார்த்துக்கொள்ளுவார்கள் என்று சும்மாயிருப்பான். புராணிகன் ஆயிரம் வருஷமாய்ச் செய்ததையே இந்தப் படமும் செய்கிறது.

கறுப்பு நிறத்தையும் பருத்த உடலையும் ஊனத்தையும் கேலிப் பொருளாக்குவதும், அரசியலில் ஒரு பெண் இருந்தால் அவள் செய்த காரியத்தை விட்டுவிட்டு உடலையும் சேலையையும் போடுவதும், ஏழை என்றால் எப்போதும் கையேந்துகிறவனாகவே காட்டுவதும் சோம்பேறித்தனம். மேலே இருப்பவனைக் கீழே இறக்குவது கருத்துப்படத்துக்கு அழகு. கீழே கிடப்பவனை மிதிக்க அது எதற்கு? அதற்குத்தான் ஊர் முழுவதும் ஆள் இருக்கிறதே.

நமக்கு வலிக்கும்போது?

கடைசியாக, நம்மவர்களுக்கே ஒரு வார்த்தை. பிறத்தியாரைக் கடிக்கும் படத்தைக் கைதட்டி வரவேற்கிறோம். நம்மைக் கடிக்கும் படம் வந்தால் என்ன செய்கிறோம்?

2012-ல் இது சோதனைக்கு வந்தது. மத்திய சர்க்காரின் பள்ளிப் பாடப் புத்தகங்களில் இரண்டு படங்கள் பற்றித் தகராறு எழுந்தது. ஒன்று, 1949-ல் சங்கர் போட்டது. நத்தையின் மேல் உட்கார்ந்திருக்கும் அம்பேத்கருக்குப் பின்னால் நேரு சாட்டையோடு நிற்பார். மற்றொன்று, 1965-ஆம் வருஷத்து ஹிந்தி எதிர்ப்பைப் பற்றி ஆர். கே. லட்சுமண் போட்டது. தமிழ் மாணவர்களைப் படிப்பறியாதவர்கள் என்று கேலி செய்வதாக அதை நம் நாட்டில் கொண்டார்கள். அந்த 1965 ஜனவரி 27-ந் தேதி துப்பாக்கிச் சூட்டில் செத்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரனுக்குச் சிதம்பரத்தில் சிலை நிற்கிறது. அந்தச் சிலையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அந்தப் படம் வலிக்காமல் இருக்குமா? வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சிரிக்க, தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளை ஒன்று சாட்டைப் படத்தைப் பார்த்துத் தலைகுனிந்து உட்கார வேண்டுமா? ஆட்சேபித்தவர்கள் நியாயமில்லாமல் ஆட்சேபித்தார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். விரும்பினால் வாங்கும் பத்திரிகை வேறு, பிள்ளைகள் தப்ப முடியாமல் படிக்கும் பாடப் புத்தகம் வேறு.

ஆனால் அந்தப் புத்தகத்துக்கு ஆலோசகராயிருந்த பேராசிரியர் ஒருவரின் புனே ஆபீசுக்குள் புகுந்து சாமான்களை உடைத்தார்களே, அதனால் அம்பேத்கருக்கு என்ன மரியாதை கூடிற்று? சரியான பதிலைச் செய்தவர் வேறொருவர். உன்னமதி சியாம சுந்தர் என்னும் கருத்துப்படக்காரர், 1932 முதல் 1956 வரையில் பத்திரிகைகள் அம்பேத்கரைப் பற்றிப் போட்ட நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தேடித் திரட்டி, ஒவ்வொன்றிலும் உள்ள ஜாதிப் பார்வையைப் பிட்டுப் பிட்டு வைத்து 2019-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கல்லெடுத்தவனை ஊர் மறந்து போயிற்று. புத்தகம் நிற்கிறது. பெரிய பெரிய சித்திரக்காரர்கள் கையிலும் ஜாதி எப்படி வேலை செய்தது என்று அது காட்டிக்கொண்டே இருக்கும்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. பேனா யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது படம். எத்தனை நாளைக்கு மேல் வீதிக்காரன் போட்ட படத்தைப் பார்த்து, அது சரியில்லை என்று கீழ்த் தெருக்காரன் கூச்சல் போட்டுக்கொண்டிருப்பது? அந்தப் பேனா நம் சேரியிலும் மீன்பிடி குப்பத்திலும் நெசவாளர் தெருவிலும் பிறந்த பிள்ளை கைக்கு வர வேண்டும். ஆணுக்கு மாத்திரம் வந்தால் பாதிதான். பெண் கைக்கும் வர வேண்டும்.

ஆகவே, தோழர்களே! கடலூரிலும் சிதம்பரத்திலும் உடனே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம். முதலாவது, எந்தப் படத்தையும் கையெழுத்தை வெட்டாமல் அனுப்புங்கள். இரண்டாவது, மலருக்கோ மாநாட்டுக்கோ படம் கேட்டால், அச்சுக்கூலியைப் பேசும்போதே படத்தின் கூலியையும் பேசுங்கள். மூன்றாவது, ஐந்நூறு பேர் சேர்ந்து மாதம் இருபது ரூபாய் வைத்து, நம் ஜில்லாச் சங்கதியையே போடுகிற ஒரு சித்திரக்காரரை நிறுத்துங்கள். வரவு செலவை ஒவ்வொரு மாதமும் எல்லோருக்கும் காட்டுங்கள். நான்காவது, வாரத்துக்கு ஒரு படத்தை மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், பண்ருட்டி, புவனகிரி, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் ஆகிய ஊர்களின் படிப்பகங்களிலும் டீக்கடைகளிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். செல்போன் இல்லாத பாட்டியும் பார்க்கட்டும். ஐந்தாவது, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டி, சித்திரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு கற்றுக்கொடுங்கள். சாமி படம் போடச் சொல்லாமல், தங்கள் தெருவில் கண்ட அநியாயத்தைப் போடச் சொல்லுங்கள். ஆறாவது, வழக்கு வருவதற்கு முன்னாலேயே இரண்டு வக்கீல்களைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு தேடுவது வெள்ளம் வந்த பிறகு கரை போடுவதாகும்.

இவற்றைச் செய்தால், அடுத்த வருஷக் கடைசியில் சித்திரக்காரர் தம் கணக்கைப் பொதுவில் வைக்கும்போது, நாமும் நம் கணக்கை அதன் பக்கத்தில் வைக்கலாம். எத்தனை படம் பார்த்தோம், எத்தனைக்குக் கூலி கொடுத்தோம், வலித்த படத்துக்குக் கல்லெடுத்தோமா பதில் சொன்னோமா, ஆபத்து வந்தபோது எத்தனை பேர் கூட நின்றோம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இந்த இரண்டு கணக்கும் ஒத்துப் போகிற ஊரில்தான் சுயேச்சையான சித்திரக்காரன் பிழைப்பான். அவன் பிழைக்கிற ஊரில்தான் தரையில் உட்கார வைக்கப்பட்டவரின் பக்கம் ஒரு பேனா பேசும்.